ஆறு ஆண்டுகளாக ஓர் எஸ்.இ.சி. குழாயோடு

உயிரியல் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகளாக நான் அதிகம் புழங்கியது எஸ்.இ.சி. (size-exclusion chromatography) என்னும் பிரிப்பு முறைக்கான இந்தக் குழாயோடுதான். முப்பது சென்டிமீட்டர் நீளம், 7.8 மில்லிமீட்டர் உள்விட்டம், உள்ளே நுண்துளைச் சிலிக்கா மணிகள். விலை ஏறக்குறைய ஓர் இருசக்கர வண்டிக்குச் சமம்.

புரதங்களை அளவு வாரியாகப் பிரிப்பது இதன் வேலை. சல்லடையில் சிறியது முதலில் விழும், இங்கே தலைகீழ். சிறிய மூலக்கூறுகள் மணிகளின் துளைகளுக்குள் நுழைந்து சுற்றிவர, பெரியவை அதற்குள் வெளியே வந்துவிடும். 1959இல் சுவீடனின் உப்சாலாவில் போரத், ஃப்ளோடின் என்ற அறிவியலாளர்கள் டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைப் பல்லுருவால் ஆன மணிகளைக் கொண்டு காட்டிய முறை இது.

நாங்கள் சோதிப்பது மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே இலக்கைப் பற்றும் ஒரே வகை எதிர்ப்புரதத்தால் ஆன மருந்து. மூலக்கூறு எடை சுமார் 150 கிலோடால்டன். இவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால், நோயாளியின் உடல் மருந்தையே எதிரியாகக் கருதக்கூடும். குழாயிலிருந்து வெளிவரும் புரதத்தைக் கருவி ஒரு கோடாக வரையும். அதில் மருந்தின் பெரிய முகட்டுக்கு முன்னால் திரட்டுகள் ஒரு சின்ன மேடாகத் தெரியும், அதில்தான் எங்கள் கவலையெல்லாம்.

இரண்டாம் ஆண்டில் ஒருமுறை புதுக் குழாய் மாட்டியதும் திரட்டு பாதியாகக் குறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கோ உறுத்தல்: முகடுகளின் மொத்தப் பரப்பும், அதாவது வெளியே வந்த புரதத்தின் மொத்த அளவும், சேர்ந்தே குறைந்திருந்தது. மருந்து தேறிவிடவில்லை, திரட்டுகள் புது மணிகளில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவேயில்லை. அதே மாதிரியைத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது ஒட்டும் இடங்கள் நிரம்பி, பழைய எண் மெல்லத் திரும்பியது. கரைசலில் உப்பைக் கூட்டியதும் உதவியது. அன்றிலிருந்து திரட்டின் சதவீதத்துக்கு முன் மொத்தப் பரப்பைத்தான் பார்க்கிறேன்.

பராமரிப்பு எளிது, சோம்பேறிக்கு மட்டும் கடினம். பாஸ்பேட் கரைசலை வார இறுதியில் அப்படியே விட்டால் கிருமி வளரும், வடிகட்டி அடைக்கும், திங்கட்கிழமை அழுத்தம் எகிறும். 0.22 மைக்ரான் வடிகட்டல், முன்னால் மாட்டும் சிறிய காப்புக் குழாய், வேலை முடிந்ததும் தயாரிப்பாளர் சொல்லும் சேமிப்புக் கரைசல் ஆகிய மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு குறை தீரவில்லை. ஓட்டத்தில் மாதிரி நீர்த்துப்போவதால், தளர்வாக ஒட்டிய திரட்டுகள் குழாய்க்குள்ளேயே பிரிந்துவிடலாம். சந்தேகம் வந்தால் மணிகளே இல்லாமல் வேகமாகச் சுழற்றிப் பிரித்தறியும் அதிவேக மையவிலக்கிக்கு மாதிரியை அனுப்புவேன். அது மெதுவானது, ஒரு மாதிரிக்கே பல மணி நேரம் பிடிக்கும். குழாயில் அரை மணிக்கு ஒன்று முடியும்.

இப்போது மாட்டியிருப்பது எட்டாவது குழாய். அதன் முதல் பத்து ஓட்டங்களுக்கு எதிரே பதிவேட்டில் ‘பதப்படுத்தல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்: ஒட்டும் இடங்கள் நிரம்பட்டும் என்றுதான்.