ரிமோட் ஐடி மாட்யூல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: சிக்னல் வந்தால் மட்டும் போதாது

அமெரிக்காவில் பார்ட் 107 (தொழிலுக்காகச் சிறு டிரோன் பறக்கவிடுவதற்கான விதி) சான்றிதழோடு டிரோன் பறக்கவிட்டுத் தொழில் செய்கிறீர்களா? பழைய டிரோனில் மாட்ட ரிமோட் ஐடி மாட்யூல் (டிரோனின் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் பறக்கும்போதே சிக்னலாக அனுப்பும் சிறு கருவி) தேடுகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பணமும் போனது, கைக்கு வந்த ஒரு வேலையும் போனது.

கூரைகளைப் படமெடுக்க இரண்டு டிரோன் வைத்திருக்கிறேன். இரண்டும் ரிமோட் ஐடி வருவதற்கு முந்தையவை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ கொடுத்த சலுகைக் காலம் 2024 மார்ச் 16-ஓடு முடிந்துவிட்டதால், மாட்யூல் இல்லாமல் அவற்றை வேலைக்கு எடுக்க முடியாது. ஆன்லைனில் ஒருவர் "எஃப்ஏஏ அங்கீகாரம் பெற்றது" என்று போட்டிருந்தார். நம்பி இரண்டு வாங்கினேன். தரையில் வைத்தே ஆன் செய்து பார்த்தேன். இடம், உயரம், வேகம் எல்லாம் போனில் நொடிக்கு நொடி ஓடியது. அதைப் பார்த்ததும் திருப்தியாகிவிட்டேன், அங்கேதான் ஏமாந்தேன்.

பிறகு ஒரு கட்டுமான வேலை வந்தது. பறக்கும் முன் மாட்யூலின் சீரியல் நம்பரை டிரோனின் பதிவில் சேர்க்க வேண்டும். பார்ட் 107-இல் ஒவ்வொரு டிரோனுக்கும் தனிப்பதிவு. ஒரே நம்பர் ஒரே சமயத்தில் இரண்டு பதிவில் இருக்கக்கூடாது. முதல் நம்பரை எழுதி வைத்துவிட்டு இரண்டாவது மாட்யூலைத் திருப்பினால், அதே நம்பர்!

அதன் பிறகுதான் நம்பரையே உற்றுப் பார்த்தேன். முதல் நான்கு எழுத்து தயாரிப்பாளரின் குறியீடு. ஐந்தாவது, அதற்குப் பின் எத்தனை எழுத்து வரும் என்பதைச் சொல்லும். என்னுடையதில் ஐந்தாவது 'எஃப்'. ஒன்பதுக்கு மேல் ஏ என்றால் 10, பி என்றால் 11 என்று போகும்; எஃப் என்றால் 15 வர வேண்டும். எண்ணினேன், 11தான் இருந்தது. நடுவில் ஆங்கில 'ஓ' வேறு. பூஜ்யத்தோடு குழம்பும் என்று அந்த எழுத்தையே இந்த நம்பர்களில் பயன்படுத்துவதில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், வேறொரு நம்பர்.

தயாரிப்பாளர்கள் தங்கள் மாட்யூல் விதிப்படி இருப்பதாக எஃப்ஏஏவிடம் உறுதி கொடுத்து, அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்கப்பட்டவற்றின் பட்டியலை எஃப்ஏஏ தளத்தில் யாரும் தேடலாம், காசு கிடையாது. வாங்கும் முன் நான் செய்திருக்க வேண்டியது அது ஒன்றுதான். தேடினேன், அந்த மாடலே பட்டியலில் இல்லை.

விற்றவரிடம் கேட்டால், "சிக்னல் வருகிறதே, பிறகென்ன?" என்று பதில். வற்புறுத்தியதும், 250 கிராமுக்குக் குறைந்த டிரோன் வாங்கிவிட்டால் ரிமோட் ஐடியே வேண்டாம் என்றார். அதுவும் தவறு. அந்த விலக்கு பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்களுக்கு. தொழிலுக்கு என்றால் எடை எவ்வளவு குறைவானாலும் பதிவும் வேண்டும், ரிமோட் ஐடியும் வேண்டும். அதற்குப் பிறகு அவரிடமிருந்து பதிலே இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடுவும் தாண்டிவிட்டது.

சொன்ன தேதியில் பறக்க முடியாததால் கட்டுமான வேலை வேறொருவருக்குப் போயிற்று. இப்போது பட்டியலில் இருக்கும் ஒரு மாடலைத் தயாரிப்பாளரிடமே வாங்கி ஒரு டிரோனில் மாட்டியிருக்கிறேன். இன்னொன்று பெட்டிக்குள்தான் கிடக்கிறது.