பட்டறைத் தரை: கான்கிரீட்டுக்கு முழு மார்க், எபாக்சிக்கு?

ஆனி பாதியில் சாரல் பிடித்துவிட்டால் போதும், என் பட்டறைத் தரையில் கொப்புளம் கிளம்பிவிடும். ஆடி முடிவதற்குள் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் பிசுபிசுவென்று தண்ணீர் வரும். தெரியாமல் மிதித்தால், கான்கிரீட் மேல் பூசியிருக்கும் எபாக்சி என்ற பிசின் பூச்சு சில்லுசில்லாகப் பெயர்ந்து செருப்போடு வந்துவிடும். அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். கருங்கல் ஊரில் என் மச்சினன் வீட்டோடு பட்டறை ஷெட் போடுகிறான். பழைய ஆறடி லேத் (இரும்பு கடையும் மெஷின்) ஒன்றுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. "அத்தான், டைலா, எபாக்சியா, சும்மா சிமென்டா?" என்று தினமும் போன் வருகிறது.

டைல் என்ற பேச்சே வேண்டாம். விட்ரிஃபைட் டைல் பலமானதுதான். ஆனால் அடியில் கலவை நிரம்பாத இடம் கொஞ்சம் இருந்து, லேத்தின் கால் சரியாக அங்கே உட்கார்ந்தால் வெடித்துவிடும். வேலையைப் பிடித்துச் சுற்றும் கனமான சக்கைக் கழற்றும்போது கை நழுவினால் சொல்லவே வேண்டாம்.

கான்கிரீட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பிழைப்பு அதன் மேல்தான் நிற்கிறது. தக்கலைப் பக்கத்தில் இருப்பதால் எனக்கு வரும் வேலையில் பெரும்பங்கு ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர். தோட்டக்காரர்கள் தேய்ந்துபோன வார்ப்பிரும்பு ரோலரைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே விட்டமாகக் கடைந்து கொடுக்க வேண்டும். ஒரு முனை சிறுத்துவிட்டால் அந்தப் பக்கம் ஷீட் தடித்து வரும். தடித்த ஓரம் புகையில் சரியாகக் காயாமல் உள்ளே வெள்ளை வெள்ளையாக நிற்கும். கடையில் தரம் பிரிக்கும்போது விலை இறங்கும், ஏச்சு எனக்கு வரும். லேத்தின் ஒரு கால் மட்டும் லேசாகத் தாழ்ந்தாலே பெட், அதாவது டூல் ஓடும் நீளமான அடிப்பாகம், முறுக்கிக்கொள்ளும். முறுகின பெட்டில் டூல் நேராகப் போகாது, நீளமான வேலை எல்லாம் ஒரு முனை சிறுத்து டேப்பர் அடிக்கும். அதனால்தான் தரை அசையக்கூடாது என்று அடித்துச் சொல்கிறேன்.

லேத் நிற்கும் புதுப் பகுதியில் மேல் மண்ணை வெட்டி எடுத்து, பாறைப்பொடி நிரப்பி நன்றாக இடித்து, அதன் மேல் கனமான பாலித்தீன் விரித்தோம். 8 மி.மீ. கம்பியை 8 இஞ்ச் இடைவெளியில் பின்னி, 6 இஞ்ச் கனத்தில் எம்25 என்ற பலமான தரத்தில் கான்கிரீட். மறுநாளே கட்டர் வைத்து ஒன்றரை இஞ்ச் ஆழத்துக்கு 12 அடிக்கு ஒன்றாக ஜாயின்ட் கீறினோம், விரிசல் கண்டபடி ஓடாமல் அந்தக் கோட்டிலேயே விழுவதற்காக. மெஷினின் கால் எதுவும் அந்தக் கோட்டில் படாதபடி முதலிலேயே சாக்பீஸால் வரைந்து வைத்திருந்தேன். மெதுவாக இறுகும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட் என்பதால் பத்து நாளுக்குக் குறையாமல் தண்ணீர் கட்டி நிறுத்தினோம். லேத்தை ஏற்றியது 28 நாள் கழிந்த பிறகுதான். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலைப் பெட்டின் குறுக்கே வைத்து வருடாவருடம் பார்க்கிறேன். குமிழ் இடம் மாறவில்லை. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து நனைக்கிற மண்ணில் இப்படி ஒரு தரை நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கொத்தனார் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இனி எபாக்சி. நியாயமாகவே சொல்கிறேன், நல்லது நிறைய இருக்கிறது. கட்டிங் ஆயில் சிந்தினால் ஒரு துணியில் போய்விடும். வெறும் கான்கிரீட்டில் பறக்கிற சிமென்ட் தூசி இல்லை, அந்தத் தூசி லேத்தில் டூல் நகரும் சிலைடில் ஏறினால் அரம் போல அராவும். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் உண்டு. வெளிர் சாம்பல் நிறம் என்பதால் கீழே விழுந்த சின்னக் கிரப் ஸ்க்ரூ கூட நின்ற இடத்திலிருந்தே கண்ணில் படும். சூடான சீவல் விழுந்தால் கருக்கும், கம்பிப்பாரை உரசினால் பெயரும். பட்டறை என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

கொப்புளத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது வருவது பழைய பகுதியில் மட்டும். அப்பா ரப்பர் ஷீட் காயப்போட்ட சாய்ப்புக் கொட்டகை அது. கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் கிடையாது, மண்ணின் ஈரம் நேராக மேலே ஏறுகிறது. மேலே எபாக்சி மூடிவிட்டதால் போக வழியில்லாமல் அதையே தூக்குகிறது. பூச வந்த காண்ட்ராக்டரிடம் "அடியில் ஒன்றும் விரிக்கவில்லை" என்று சொன்னேன். பங்குனி வெயிலில் தரையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரமே இல்லை, பயப்படாதீங்க" என்றார். ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் பிரித்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் கோத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். செலவில்லாத பரிசோதனை, மழைக்காலத்தில் செய்தால் இன்னும் நல்லது. காசு வாங்குகிற ஆள் அதைச் செய்திருக்க வேண்டாமா? கொப்புளம் வந்த பிறகு போன் எடுக்கவில்லை.

ரப்பர் பாய் பற்றியும் மச்சினன் கேட்டான். நாள் முழுக்க நிற்கிற காலுக்கு அது பெரிய உபகாரம். நம்ம ஊர் ரப்பர்தானே என்று இயற்கை ரப்பர் பாயை லேத் முன்னால் போட வேண்டாம், ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். ஆயில் தாங்கும் செயற்கை ரப்பரான நைட்ரைல் பாய் வாங்குங்கள்.

பாலித்தீன் விரித்த புதுப் பகுதியில் அதே எபாக்சி, அதே ஆள் பூசியது, இன்றுவரை ஒரு கொப்புளம் இல்லாமல் கிடக்கிறது. ஆனாலும் யார் கேட்டாலும் எபாக்சி போடாதே என்றுதான் சொல்வேன். வரும் மாசியில் பழைய பகுதியில் இருப்பதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, சோடியம் சிலிகேட் ஹார்டனர் பூசி வெறும் கான்கிரீட்டாகவே விடப்போகிறேன். அது மேலே தோலாக நிற்காமல் கான்கிரீட்டுக்குள் இறங்கி இறுகும். தூசியும் குறையும், ஈரம் வெளியேறவும் தடை இருக்காது.