பாதி பார்த்து, பாதி படித்த தொடர்

பத்தாண்டுகளுக்கும் மேலாக என்னிடம் உள்ள டிவிடிகளில் நான் அதிக முறை எடுத்தது, குவாட்டர்மாஸ் என்ற ராக்கெட் அறிவியலாளரைப் பற்றிய அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களைக் கொண்டு 2005இல் பிபிசி வெளியிட்ட தொகுப்பைத்தான். அதிலுள்ள மூன்று தொடர்களில் முதலாவதான, நைஜல் நீல் எழுதி ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கிய 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வாங்குபவர் முன்கூட்டியே அறிய வேண்டியது, ஆறு பகுதிகளில் இரண்டே எஞ்சியுள்ளன என்பது. 1953 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து சனிக்கிழமைதோறும் நேரலையாக நடிக்கப்பட்ட அத்தொடரை, திரையில் ஓடும்போதே ஃபிலிமில் படம்பிடித்தார்கள். முதலிரண்டு பகுதிகளின் தரம் திருப்தி தராததால் மற்றவற்றைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். இரண்டாம் பகுதியில், படம்பிடித்த திரைமேல் வந்து உட்கார்ந்த பூச்சியொன்றும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. என் டிவியில்தான் ஏதோ ஊர்கிறது என்று முதன்முறை எழுந்துபோய்த் துணியால் துடைத்தேன்.

படம் மங்கல், ஒலியும் அப்படித்தான். ஆயினும் விண்ணுக்குச் சென்ற ராக்கெட் விம்பிள்டனில் ஒரு வீட்டின்மேல் விழுவதும், மூவர் சென்ற கலத்திலிருந்து ஒருவர் மட்டும் இறங்க, மற்ற இருவரின் உடைகள் வெறுமையாகக் கிடப்பதும் இன்றும் வயிற்றைப் பிசைகின்றன. அறிவியலாளரின் பெருமிதத்தைவிட அனுப்பியவரின் குற்றவுணர்வையே முகத்தில் காட்டும், குவாட்டர்மாஸாக நடித்த ரெஜினால்ட் டேட்டுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

காணாமற்போன நான்கு பகுதிகளின் வசனப் பிரதிகள் வட்டிலேயே பிடிஎஃப் வடிவில் உள்ளன. முதல் சில ஆண்டுகள் அவற்றை நான் திறக்கவே இல்லை. பிறகு ஒரு மழைக்கால இரவில் தொடங்கி விடிவதற்குள் முடித்தேன். திரும்பி வந்த விக்டர் கரூன் மெல்ல மெல்ல மனித உருவை இழந்து, இறுதியில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் பிரம்மாண்ட உயிராகப் படர்ந்திருக்க, அதற்குள் இன்னும் மிஞ்சியிருக்கும், கலத்தில் சென்ற அந்த மூன்று மனிதர்களை விளித்து குவாட்டர்மாஸ் மன்றாடும் கட்டத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. அந்த உயிர், தழைகள் ஒட்டிய கையுறைகளை மாட்டிக்கொண்டு அபேயின் புகைப்படத்தின் ஊடாக நீலே அசைத்த கைகள்தாம் என்று பின்னர் அறிந்தும், படிக்கும்போது எனக்குக் கையுறை நினைவுக்கு வருவதில்லை.

பிரதிகளைத் திறக்கக் கணினி வேண்டும்; என் புதிய மடிக்கணினியில் வட்டு போடும் வசதியே இல்லாததால், பழையது கைவிடுமுன் அவற்றைப் படியெடுத்து வைத்துக்கொண்டேன்.