டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்டு: ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் உண்டு

ஃப்ரம்சாஃப்ட்வேர் 2011-ல் வெளியிட்ட டார்க் சோல்ஸ் வீடியோ கேமின் மெருகேற்றிய பதிப்பு இது, 2018-ல் வந்தது. கொடூரமான கேம் என்று பெயரெடுத்ததால் பலர் பக்கத்திலேயே வருவதில்லை. சிலர் வீம்புக்கு வாங்கி, முதல் நாளே மூடிவைத்துவிடுகிறார்கள். உண்மையில் இது கை வேகத்தைவிடக் கண்ணைத்தான் அதிகம் சோதிக்கிறது. எதிரி ஆயுதத்தை ஓங்கும் விதம், மற்ற ஆட்டக்காரர்கள் செத்த இடத்தின் ரத்தக்கறை, வாசலுக்குப் பக்கவாட்டில் பதுங்கியிருக்கும் ஆள் என்று எச்சரிக்கைகள் கண்ணெதிரிலேயே கிடக்கின்றன. கவனிக்காமல் போனால் அடி விழும்.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்டெட் அசைலத்தில் முதல் பாஸ் (பெரிய எதிரி) மேலிருந்து குதிக்கும்போது உங்கள் கையில் இருப்பது உடைந்த வாளின் பிடி. சண்டை போட நின்றால் நசுங்குவீர்கள். ஓரத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதில் ஓடினால் ஆயுதம், ஷீல்டு, உயிரேற்றும் எஸ்டஸ் குடுவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். சுற்றி வந்தால் அதே பாஸின் தலைக்கு மேலே நிற்பீர்கள். குதித்து, விழும்போதே அடித்தால் அதன் உயிரில் பெரிய பங்கு ஒரே அடியில் போய்விடும். அடுத்து வரும் டாரஸ் டீமனுக்கும் இதே வித்தைதான். பாஸின் இடத்துக்குப் போகும் வாசலை மறைக்கும் பனித்திரையைத் தாண்டியதும் பின்னால் ஓர் ஏணி இருக்கிறது. ஏறி, அங்குள்ள இரண்டு வில்லாளிகளை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு இறங்கி மதில்மேல் நடந்தால் டீமன் வரும். திரும்ப ஓடி ஏணியேறி, அதன் தலைமேல் குதிக்க வேண்டியதுதான். திரும்பிப் பார்க்காதவர்கள் அந்த ஒடுங்கிய மதிலில் திரும்பத் திரும்பச் சாகிறார்கள்.

கேம் சரியாகச் சொல்லித்தராத விஷயம் எடை. அணிந்திருப்பவற்றின் மொத்த எடை, தாங்கும் அளவில் 25 சதவீதத்துக்குள் இருந்தால் வேகமான ரோல் (அடியிலிருந்து தப்ப உருளுவது). 50 வரை நடுத்தரம். அதைத் தாண்டினால் மூட்டையைப் போலப் புரளுவீர்கள். கனத்த கவசத்தைப் போட்டுக்கொண்டு, ரோல் செய்தும் அடி விழுகிறதே என்று புலம்புபவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஸ்டாமினாவும் (அடிக்க, உருள, தடுக்கச் செலவாகும் தெம்பு) அப்படித்தான். ஷீல்டைத் தூக்கிப் பிடித்திருக்கும்வரை அது மெதுவாகத்தான் நிரம்பும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஷீல்டை இறக்கப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிச் சாவைக் குறைக்கும். அன்டெட் பர்க் என்ற பகுதியிலுள்ள வியாபாரி 1,000 சோல்ஸுக்கு (எதிரிகளைக் கொன்றால் சேரும், இங்கே பணமாகச் செல்லும்) விற்கும் ஹீட்டர் ஷீல்டு, சாதாரண ஆயுத அடியின் சேதத்தை முழுவதுமாகத் தடுக்கும். ஆனால் ஸ்டாமினா காலியானால் எந்த ஷீல்டும் திறந்துகொள்ளும்.

செத்தால் கையிலிருக்கும் சோல்ஸ் எல்லாம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். திரும்பிப் போய் எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் மொத்தமும் போச்சு. எனவே பாஸ் அறைக்குள் நுழையுமுன் செலவழித்துவிடுவதே புத்திசாலித்தனம். லெவலைவிட ஆயுதத்தில் போடுவது நல்லது: கொல்லர் ஆண்ட்ரேயிடம் ஆயுதத்தைப் பலப்படுத்தும் டைட்டனைட் துண்டு ஒன்று 800 சோல்ஸ், அவரே ஆயுதத்தில் ஏற்றியும் தருவார். லெவல் ஏற்றும்போது கூட்டும் திறன்களில் (ஸ்டாட்) ரெசிஸ்டன்ஸ் பக்கம் போகவே வேண்டாம், தண்டம். எண்டியூரன்ஸ் 40-ஐத் தாண்டினால் ஸ்டாமினா அதிகரிக்காது, எடை தாங்கும் அளவுதான் கூடும்.

வழி தவறுவதும் இங்கே ஒரு பாடம். அசைலத்துக்குப் பிறகு வந்துசேரும் ஃபயர்லிங்க் ஷ்ரைனிலிருந்து கல்லறைப் பக்கம் போனால் எலும்புக்கூடுகள் பின்னியெடுக்கும். கீழே நியூ லண்டோவுக்குப் போனால், உங்கள் வாள் பேய்களின் உடம்பில் படவே படாது. இப்போது இங்கே வராதே என்று அதட்டாமல் சொல்லும் விதம் இது. குன்றோரப் படியேறிப் போவதுதான் சரியான பாதை. அந்த வழியே வெகுதூரம் போய், தேவாலயத்தின் லிஃப்டில் ஏறினால் புறப்பட்ட அதே ஃபயர்லிங்கில் வந்து இறங்குவீர்கள். இப்படி மடித்துக் கட்டிய வரைபடம் அபூர்வம்.

தேவாலயக் கூரையில் வரும் பெல் கார்காயில்கள் என்ற பாஸ்கள்தான் நல்ல பரீட்சை. முதலாவதன் உயிர் பாதியளவு குறைந்ததும் இரண்டாவது வந்து சேரும். அன்டெட் பர்க் வியாபாரியிடமே 1,000 சோல்ஸுக்கு வீட்டுச் சாவி வாங்கி, பர்க்கில் பூட்டிய வீட்டைத் திறந்தால் பெட்டியில் மூன்று கோல்டு பைன் ரெசின் இருக்கும். வாளில் பூசினால் ஒரு நிமிடம் மின்னல் சேதம். பனித்திரை தாண்டியதும் பூசிக்கொள்ளலாம், கூரையில் கொஞ்சம் முன்னேறிய பிறகுதான் முதல் கார்காயில் வரும்.

குறைகளும் உண்டு, சின்னவை இல்லை. காப்ரா டீமன் ஒரு குறுகிய முற்றத்தில் இரண்டு நாய்களோடு பாயும். கேமரா சுவரில் முட்டிக்கொண்டு எதையும் காட்டாது. படிக்கட்டில் ஏறி, துரத்தி வரும் நாய்களை முதலில் கொன்றால் சமாளிக்கலாம். ஆனர் லண்டோ என்ற நகரத்துக்குப் பிறகு தரம் இறங்குகிறது. லாஸ்ட் இசாலித் என்ற பகுதி அரைகுறையாக நிற்கிறது. அங்குள்ள பெட் ஆஃப் கேயாஸ் சண்டையில் அதுவரை கற்ற எதற்கும் வேலையில்லை. தரை திடீரென்று உடையும், கை வீசிப் பள்ளத்தில் தள்ளும். உடைத்த பகுதி, செத்தாலும் உடைந்தே இருக்கும் என்பது மட்டும்தான் ஆறுதல். அது அநியாயம் என்று பட்டால் உங்கள் தவறல்ல.

எந்தப் பதிப்பு? பிளேஸ்டேஷன் 4, பிசி இரண்டிலும் நொடிக்கு 60 பிரேம். பழைய கன்சோல்களில் திணறிய பிளைட்டவுன் என்ற பகுதி இப்போது சீராக ஓடுகிறது. ஸ்விட்சில் 30 பிரேம்தான், ஆனால் கையில் வைத்து ஆடலாம். 2012-ன் பழைய பிசி பதிப்பைத் தேடாதீர்கள். அதன் ஆன்லைன் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. ஆர்டோரியஸ் கூடுதல் கதை இதிலேயே சேர்ந்து வருகிறது. பிசி என்றாலும் கன்ட்ரோலர் அவசியம். முதல் முறைக்கு பைரோமான்சர் (நெருப்பு மந்திரவாதி) பாத்திரம் நல்ல தேர்வு: நெருப்பு மந்திரத்தின் பலத்துக்கு எந்த ஸ்டாட்டும் தேவையில்லை, கையில் ஏந்தும் பைரோமான்சி நெருப்பை மேம்படுத்த சோல்ஸ் கொடுத்தால் போதும்.

ஆட்டத்தை நிறுத்திவைக்கும் (pause) பட்டன் கிடையாது, மெனு திறந்தாலும் எதிரி அடிப்பான். இடையில் எழ வேண்டுமென்றால் மெனு வழியாக வெளியேறுங்கள். திரும்ப வரும்போது நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். பாஸ் சண்டை நடுவே வெளியேறினால் மட்டும் பனித்திரைக்கு வெளியே, முழு உயிரோடு காத்திருக்கும் பாஸிடம் முதலிலிருந்து.