செசபீக் விரிகுடாவில் ட்ரிம் டேப்: சில பருவங்கள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

என்னுடையது 20 அடி ஃபைபர்கிளாஸ் படகு. நடுவில் கன்சோல் (ஸ்டீயரிங் இருக்கும் மேடை), பின்னால் 150 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று. மேரிலாந்தில், அனாபலிஸ் பக்கம், செசபீக் விரிகுடாவில்தான் ஓட்டுகிறேன். ட்ரிம் டேப், அதாவது படகின் பின்னடியில் ஏற்றி இறக்கும் இரண்டு தகடுகள், பொருத்திப் பல பருவங்கள் ஆகிவிட்டன. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அலையை இது சமனாக்காது. படகை மெதுவாக ஓட்ட வழி செய்யும். இந்த விரிகுடாவில் நமக்கு வேண்டியதும் அதுதான்.

செசபீக் தெற்கு வடக்காக 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சராசரி ஆழமோ ஆறரை மீட்டருக்குள்தான். தெற்கிலிருந்து காற்று வீசினால் தடையே இல்லாமல் ஓடிவரும். தண்ணீர் ஆழமில்லாததால் அலை நீண்டு வளராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்றாக வரும். வற்றுநீர் (கடலுக்குத் திரும்பும் ஓதம்) தெற்கே இழுக்கும் நேரத்தில் எதிரே தெற்குக் காற்றும் சேர்ந்துகொண்டால் தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதிப்பது போல இருக்கும். அலை உயரம் என்னவோ இரண்டடிதான். பெருங்கடலில் இரண்டடி என்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே அதுவே முதுகெலும்பைப் பதம் பார்க்கும்.

டேப் இல்லாதபோது என் படகுக்கு இரண்டே வேகங்கள்தான் இருந்தன. ஏழு நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீரை உழுதுகொண்டு போகும். இல்லையென்றால் பதினாறு, பதினேழு நாட்டுக்கு ஏற்றி, தண்ணீருக்கு மேல் எழுந்து வழுக்கிப் போக வேண்டும். அதற்குக் கொஞ்சம் குறைத்தாலும் பின்பக்கம் அமிழும், அணியம் (படகின் முன்பகுதி) வானத்தைப் பார்க்கும், முன்னால் என்ன வருகிறது என்றே தெரியாது. பதினேழு நாட்டில் அந்தக் குட்டை அலைகளில் போனால் ஒவ்வொன்றுக்கும் தடார் தடார் என்று அடி விழும். இப்போது டேப்பை இறக்கினால் பதின்மூன்று நாட்டிலேயே எழுந்து நிற்கிறது. நான்கு நாட்தானே என்று நினைக்கலாம். அலையில் மோதும் அடி ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவது. பதினேழையும் பதின்மூன்றையும் வர்க்கமாக்கிப் பாருங்கள், 289, 169. வித்தியாசம் உட்காரும்போதே தெரியும்.

வேலை செய்யும் விதம் எளிது. படகின் பின்பலகையில், அடிவிளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் கீல் போட்ட துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒவ்வொன்று. மோட்டார் அதைக் கீழே தள்ளும்போது ஓடும் தண்ணீர் தகட்டில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பும், பின்பக்கம் உயரும், அணியம் இறங்கும். படகின் அடிப்பாகம் முன்னால்தான் கூர்மை, பின்னால் போகப் போகத் தட்டையாகிவிடும். அணியம் இறங்கியிருந்தால் கூர்மையான பகுதி அலையை வெட்டும். தூக்கியிருந்தால் தட்டையான பகுதி அறையும். அவ்வளவுதான் சூட்சுமம். ஓட்டமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தால் தகட்டால் எந்தப் பயனும் இல்லை.

எஞ்சினின் ட்ரிம்மே (எஞ்சினின் சாய்வை மாற்றும் வசதி) போதாதா என்று கேட்பார்கள். எஞ்சினை உள்ளே இழுத்தும் அணியத்தை இறக்கலாம், உண்மை. ஆனால் ஒற்றை எஞ்சினால் இடது வலது சாய்வை நிமிர்த்த முடியாது. டேப்பின் பாதிப் பலன் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பக்கவாட்டில் காற்று அடித்தால் வி வடிவ அடிப்பாகம் கொண்ட படகு காற்று வரும் பக்கமாகவே சாயும். சாய்ந்ததும் அந்தப் பக்கத்து அடிப்பாகம் படுகிடையாகி, வருகிற அலைக்கெல்லாம் தட்டையான முகத்தைக் காட்டும். கென்ட் தீவிலிருந்து அனாபலிஸுக்குத் திரும்பும் வழியில் இது நன்றாகத் தெரியும். மேற்கே வருகிறோம், தெற்குக் காற்று இடப்பக்கம், படகும் இடப்பக்கம் சாய்கிறது. அப்போது இடது டேப்பைக் கொஞ்சம் இறக்கினால் படகு நிமிர்ந்துகொள்ளும். ஒரு பக்கமாகவே இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டாலும் இதேதான் மருந்து. இடம் மாறி உட்காரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

பொத்தான்களைப் பழக மட்டும் கொஞ்சம் நாளாகும். என்னுடையதில் இடது பொத்தானை ‘அணியம் கீழே’ என்ற பக்கம் அழுத்தினால் இறங்குவது வலது டேப். வலப்பக்கப் பின்புறம் தூக்கினால்தானே இடப்பக்க அணியம் தாழும்? தகட்டை மறந்துவிடுங்கள். எந்தப் பக்கம் உயர்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானைக் கீழே அழுத்துங்கள், சரியாக வரும். அரை விநாடி அழுத்தி, இரண்டு மூன்று விநாடி பொறுத்து, படகு என்ன செய்கிறது என்று பார்த்து, அப்புறம் அடுத்த அழுத்து. அழுத்தியபடியே இருந்தால் அணியம் தண்ணீருக்குள் புதைந்து, ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கும், முகத்தில் தண்ணீர் வாரி அடிக்கும். டேப் எங்கே நிற்கிறது என்று விளக்கில் காட்டும் பொத்தான் கிடைக்கிறது. காசு கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அலை பின்னாலிருந்து வரும்போது டேப்பை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். இறக்கி வைத்துக்கொண்டு அலை முதுகிலிருந்து சறுக்கினால் அணியம் முன்னிருக்கும் அலையில் குத்தும், பின்பக்கத்தை அலை சுழற்றும், படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். கவிழ்வதற்கு அது போதும். பின்னோக்கி எடுக்கும்போதும் மேலேதான் இருக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, படகின் நீளம் கூடக் கூடத் தகட்டின் அகலமும் கூட வேண்டும். நான் போட்டது பன்னிரண்டு அங்குல அகலம், ஒன்பது அங்குல நீளம். இடமிருந்தால் பெரிதாகவே போடுங்கள். பெரிய தகட்டைக் கொஞ்சமாக இறக்கினாலே வேலை முடிந்துவிடும். சின்னத் தகட்டை அதிகம் இறக்கினால் தண்ணீர் இழுவைதான் கூடும்.

பராமரிப்பில்தான் குறை. என்னுடையது மின்மோட்டார் வகை. ஒரு பக்க மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்து நின்றுபோய், மாற்ற வேண்டி வந்தது. தகடு பாதி இறங்கிய நிலையில் நின்றதால் கரை சேரும் வரை படகு ஒரு பக்கம் சாய்ந்தேதான் வந்தது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகையில் பம்ப் படகுக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. புதிதாக வாங்குகிறவராக இருந்தால் நான் அதையும் விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன். கொட்டலசும் (தண்ணீரில் கிடக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) விடாது. படகைத் தண்ணீரிலேயே நிறுத்தி வைப்பவர்கள் டேப்பை மேலே ஏற்றிவிட்டுத்தான் கரையேற வேண்டும், தகட்டைத் தள்ளும் தண்டு உள்ளே போய்விட்டால் அதில் எதுவும் ஒட்டாது. தகடு அரிக்காமல் இருக்கத் துத்தநாகத் துண்டு ஒன்றை அதில் மாட்டிவிடுங்கள், அது தேய்வதை ஆண்டுக்கொருமுறை பாருங்கள். பின்பலகையில் துளை போடும் வேலையைக் கைதேர்ந்தவரிடம் கொடுப்பது நல்லது. உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும் படகென்றால், ஒரு திருகுத் துளையைச் சரியாக அடைக்காவிட்டாலும் நீர் இறங்கிப் பலகை அழுகும். அந்தச் செலவு டேப்பின் விலையைப் போலப் பல மடங்கு.