இங்கிலாந்தா, பிரான்ஸா? 1864 ரஷ்ய நீதிச் சீர்திருத்தமும் பத்திரிகைகள் கவனிக்காத இடமும்

1864-இல் சட்டமான நீதிச் சீர்திருத்தத்தின் அடிப்படை விதிகள் 1862-இல் வெளியானதும் ரஷ்யப் பத்திரிகைகளில் வாதம் சூடேறியது. எந்த நாட்டு முறையை எடுப்பது? மிகயீல் கத்கோவ் நடத்திய ‘ரூஸ்கி வெஸ்த்னிக்’ இதழ் இங்கிலாந்துப் பக்கம் நின்றது. பிரெஞ்சு முறைக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். மை அதிகம் செலவானது ஜூரிக்குத்தான், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு.

அன்றைய இங்கிலாந்தில் ஜூரியின் 12 பேரும் ஒருமனதாகக் குற்றவாளி அல்லது குற்றமற்றவர் என்று சொல்ல வேண்டியிருந்தது. பிரான்ஸில் நீதிபதி எழுதித்தரும் கேள்விகளுக்குப் பெரும்பான்மைப்படி பதில். ரஷ்யா பிரெஞ்சு வழியில் போனது. 6-க்கு 6 என்றால் குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகம். ஆனால் ‘செயல் நடந்ததா, இவர் செய்தாரா, பொறுப்பாவாரா’ என்ற மூன்றையும் வழக்கமாக ஒரே கேள்வியாக்கி, ‘இவர் குற்றவாளியா?’ என்றே கேட்டார்கள். 1878-இல் புரட்சியாளர் வேரா சசூலிச் பீட்டர்ஸ்பர்க் நகர ஆளுநர் திரேபோவைச் சுட்டதை மறுக்கவே இல்லை. ஆனாலும் ஜூரி ‘இல்லை’ என்றது. அதே ஆண்டு, அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகள் ஜூரியிடமிருந்து பறிக்கப்பட்டன.

சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதியான சமாதான நீதிபதி விஷயத்தில் ரஷ்யா இரண்டையும் விட்டுத் தன் வழியில் போனது. அப்போது இங்கிலாந்தில் அரசி பெயரால் நியமனம், பெரும்பாலும் சம்பளமில்லை. பிரான்ஸில் அரசு நியமனம், சம்பளம். ரஷ்யாவிலோ உள்ளாட்சி மன்றமான ஜெம்ஸ்த்வோ 3 ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்தது. 500 ரூபிள் வரையான சிவில் வழக்கு அவரிடம். மூன்றிலும் இதுவே மேல் என்பேன். 1889-இல் பெரும்பாலான இடங்களில் இதை ஒழித்தார்கள், பெரிய இழப்பு.

நிஜமான கோளாறு ஜூரிக்கு முந்தைய கட்டத்தில். இங்கிலாந்தில் அப்போது அரசு வழக்குரைஞர் அமைப்பே இல்லை. பாதிக்கப்பட்டவரே வழக்கு நடத்துவார். மகா பீட்டர் மன்னர் காலத்திலிருந்தே அரசு வழக்குரைஞர் (பிராசிக்யூட்டர்) இருந்த ரஷ்யாவுக்குப் பிரெஞ்சு வழி எளிது. வழக்கு மன்றத்துக்கு வருமுன் சாட்சியம் திரட்டும் புலனாய்வு நீதிபதியும் 1860-இலேயே வந்துவிட்டார். அவரைப் பதவிநீக்க முடியாது என்றது சட்டம். அமைச்சகமோ அந்தப் பாதுகாப்பு இல்லாத ‘பொறுப்பு’ (தற்காலிக) அதிகாரியாக மட்டும் நியமித்தது. சட்டம் தந்தது காகிதத்தோடு நின்றது.

விசாரணை மன்றத்தில் எல்லாம் வாய்மொழி, பகிரங்கம், குறுக்கு விசாரணை, மௌனம் ஒப்புதலாகாது. ஆனால் அங்கே வரும் கோப்பு மூடிய அறையில் எழுதி முடிக்கப்பட்டது. குற்றம்சாட்டப்பட்டவரின் வழக்குரைஞர் அதைப் புரட்டும்போது சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஏற்கெனவே கையெழுத்தாகி, நூலால் கோத்துத் தைக்கப்பட்டிருக்கும்.