டர்போ பூட்டுவதா, டர்போ எஞ்சினையே இறக்குவதா?

எங்களிடம் இருப்பது பழைய இசுசு எல்ஃப் லொறி. 4பிடி1 எஞ்சின், 3.9 லீற்றர், டர்போ இல்லாதது. (டர்போ என்பது வெளியேறும் புகை வாயுவால் விசிறி சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைக் கூடுதலாகத் தள்ளும் கருவி.) காலபோக வெட்டு தொடங்கினால் ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்து வயல்களில் நெல் ஏற்றிக்கொண்டு ஏ9 பிடித்துத் தெற்கே ஓடும். வன்னிக்குள் ஏற்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை, அதனால் குறை தெரியாது. நாலந்தா தாண்டி மாத்தளைக்கு ஏறும்போதுதான் இரண்டாம் கியரில் ஊர்ந்து, பின்னால் வாகனங்கள் வரிசை கட்டிவிடும். 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் வேறு லொறி எடுக்கும் யோசனையையும் விட்டோம். இருக்கிற வண்டிக்கே பலம் ஏற்றுவது என்று முடிவெடுத்தபோது முன்னால் மூன்று வழி இருந்தது.

முதலாவது, டீசல் பம்பைத் திருகி டீசலைக் கூட்டுவது. செலவு ஒன்றுமில்லை, அரை மணி வேலை. நானும் முதலில் அதைத்தான் செய்வித்தேன். காற்றுக் கூடாமல் டீசல் மட்டும் கூடினால் அது முழுதாக எரியாது. கரும்புகை தள்ளும், எண்ணெய்ச் செலவு ஏறும், புகைச் சோதனையில் வண்டி நிற்கும். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருட வரிப்பத்திரமும் எடுக்க முடியாது. பழையபடி திருகி வைத்துவிட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: இருக்கிற எஞ்சினுக்கு மேலே டர்போ பூட்டுவதா, அல்லது கம்பெனியே டர்போவோடு செய்த 4பிடி1டி எஞ்சினை வாங்கி இறக்குவதா. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே கொள்ளளவு. வெளியிலிருந்து பார்த்தால் டர்போவும் குழாய்களும்தான் வித்தியாசம். பூட்டுகிற செலவு, அந்த எஞ்சினுக்கு எனக்குச் சொன்ன விலையில் கிட்டத்தட்டப் பாதி. நான் ஏறக்குறைய அதற்கே சம்மதித்துவிட்டேன்.

மனதை மாற்றியது கிளிநொச்சியில் ஒரு கராஜில் பார்த்த பிஸ்டன். டர்போ பூட்டி ஓடிய ஒரு லொறியின் மூன்றாவது பிஸ்டன் அது. தலைக் குழியின் விளிம்பு வெடித்து, ஒரு பக்கம் அலுமினியம் உருகி வழிந்து, பிஸ்டன் ஓடுகிற உருளையின் உட்சுவரான லைனரில் இழுபட்டிருந்தது. விரலால் தடவினால் மெழுகு உருகி உறைந்த மாதிரி இருக்கும். “ஏன் அண்ணை, டர்போதானே பூட்டினவை?” என்று கேட்டேன். அந்த மெக்கானிக் சொன்னார்: “தம்பி, வெயிலுக்கை வேலை வாங்கிப்போட்டுத் தண்ணி குடுக்கேல்லை எண்டால் ஆள் விழத்தானே செய்யும்.”

அதன் கணக்கு இதுதான். அலுமினியம் சுமார் 660 பாகையில் உருகிவிடும். டர்போ எஞ்சின் முழுச் சுமையில் ஏறும்போது புகைக்குழாய்க்குப் போகிற வாயுவே 700 பாகையைத் தொடும். பிஸ்டன் அதற்குள் உயிரோடு இருப்பது, தன் சூட்டை உடனுக்குடன் இறக்கிவிடுவதால் மட்டுமே. டர்போ இல்லாத எஞ்சினில் அந்தச் சூடு பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் வழியாக லைனருக்கும் தண்ணீருக்கும் போய்விடும், அது போதும். டர்போ வந்து காற்றும் டீசலும் கூடினால் போதாது. அதனால்தான் 4பிடி1டியில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் கீழே ஒரு சின்ன வளைந்த குழாய் வைத்து, ஒயிலைப் பிஸ்டனின் அடிவயிற்றில் பீய்ச்சுகிறார்கள். எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சம்பைக் கழற்றினால் கண்ணால் பார்க்கலாம், பேனாக்குச்சி அளவுதான். மேலே டர்போ பூட்டும்போது இந்தக் குழாய் வராது. மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் ஓடினால் தாங்கும்தான். ஆனால் பாரத்தோடு ஏற்றம் ஏறத்தானே நான் டர்போவே தேடினேன்?

ஆகவே எஞ்சினையே இறக்கினேன். மவுண்டிங்கும் கியர்பொக்ஸும் பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் பொருந்தின. அதே எஞ்சினின் பம்பையும் சேர்த்து வாங்குங்கள், பழைய பம்பைப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். வாங்குமுன் ஒயில் மூடியைத் திறந்து ஓடவிட்டுப் புகை தள்ளுகிறதா பாருங்கள். டர்போ தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், விசிறி உறையில் முட்டினால் விட்டுவிடுங்கள். சுங்கப் பத்திரம் இல்லாத எஞ்சினைத் தொடவே வேண்டாம். எஞ்சின் இலக்கம் வண்டிப் புத்தகத்தில் இருப்பது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இந்த அலைச்சல் டர்போ பூட்டுகிறவருக்கு இல்லை, அது அந்த வழியின் நல்ல பக்கம்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி எங்கள் கிறவல் புழுதி. டர்போ விசிறி நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்று அளவில் சுழல்வது. அதற்கு மணல் துகள் உளி மாதிரி. சோளகம் வீசும் மாதங்களில் நான் கிழமைக்கு ஒருதடவை பில்டருக்குப் பின்னால் இருக்கிற குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்ப்பேன். சிவப்பு ஒட்டினால் எங்கோ கிளிப் இளகியிருக்கிறது. அப்புறம், ஏற்றம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தாமல், டர்போ சூடு ஆற இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுவேன்.

நான் ஓடியது இன்னும் இரண்டு காலபோகம்தான், அதனால் பத்து வருடம் தாங்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். டர்போ தள்ளுகிற காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் போடவில்லை. மாத்தளை ஏற்றத்தை இப்போது மூன்றாம் கியரில் ஏறுகிறேன், தண்ணீர்ச் சூட்டு முள் நடுவைத் தாண்டுவதில்லை.